வியாழக்கிழமைக் காடல்

என் பெரியப்பா மகன் ஃபெர்கல் பத்து வருஷம் சிட்னியில் இருந்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பியதும் முதலில் செய்த காரியம், மீத் தெரு முனையில் இருந்த பழைய அடகுக்கடையைப் பிடித்து ஹோட்டலாக்கியது. அடுத்த காரியம், அதற்குத் தாத்தாவின் பெயரை வைத்தது. பச்சைப் பலகையில் பொன்னெழுத்தில் 'பார்னி'. தாத்தா இன்னும் உயிரோடு இருக்கிறார். எண்பத்தெட்டு வயது, என்னோடுதான் இருக்கிறார், பலகையிலிருந்து நாற்பதடி தூரத்தில். ஒரு வார்த்தை கேட்டானா அந்தத் தடியன்? கேட்கவில்லை. பலகையை மாட்டிவிட்டு, பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டில் பூங்கொத்து வந்தால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"தாத்தா, உங்களுக்குப் பிடிச்ச காடல்தான் நம்ம கடையில முதல் அயிட்டம். பேரே 'பார்னி காடல்'தான். திறப்புவிழா அன்னிக்கு முதல் கிண்ணம் நீங்கதான் சாப்பிடணும். நம்ம பரம்பரைக்கு நாம செய்யற மரியாதை இது."

தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொம்ப சந்தோஷம்ப்பா. ரொம்ப நன்றி" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"நீ எப்படிச் செய்வே?" என்று ஃபெர்கலைக் கேட்டேன்.

"பன்றி சாசேஜை நல்லாச் செவக்க வறுத்துடுவேன். அப்புறம் கேரட், பார்லி, கொஞ்சம் கறுப்பு பீர்."

"அதுக்குப் பேரு காடல் இல்லடா. அதுக்குப் பேரு என்னவோ, எனக்குத் தெரியாது. காடல் இல்ல."

"வறுக்காம வேகவச்சா வெளுத்துப்போய்க் கெடக்கும் ஜசிந்தா. பார்க்கவே சகிக்காது. அதை எவன் போட்டோ எடுப்பான்?"

"காடலை யாருடா போட்டோ எடுக்கச் சொன்னது?"

தாத்தா ரேடியோவின் குதிரைப் பந்தயச் சத்தத்தைக் கூட்டினார். நாங்கள் சண்டை போட்டால் அவர் அப்படித்தான் செய்வார்.

"என்னிக்குத் திறக்கற?" என்றேன்.

"ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற வெள்ளி. எல்லாருக்கும் லீவு. தெருவே நிரம்பி வழியும்."

சுவரில் திரு இருதயப் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. பெரிய வெள்ளி. ஆண்டவர் பாடுபட்ட நாள். அந்த நாளில் எங்கள் தாத்தாவுக்குப் பன்றிக்கறி பரிமாறப் போகிறான் இந்த ஆஸ்திரேலியாக்காரன். அவனுக்கு அது லீவு நாள், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றே தேதியை மாற்றியிருப்பான். நான் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. ஊரே பார்க்க, தாத்தா அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "டேய், இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்பார். அந்த நிமிஷம் ஃபெர்கலின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு மாதம் காத்திருந்தேன்.

காடல் வியாழக்கிழமைச் சாப்பாடு. எங்களைப் போன்ற கத்தோலிக்கருக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்பதால், வாரத்தில் மிஞ்சிய சாசேஜ், உப்பிட்ட பன்றித் துண்டு எல்லாவற்றையும் வியாழனன்று ஒரே பானையில் போட்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகுத்தூள், தண்ணீர் சேர்த்து, சின்னத் தீயில் மணிக்கணக்காக வைத்துவிடுவது. வறுப்பது கிடையாது, கேரட் கிடையாது. தாத்தாவின் அம்மா அப்படித்தான் செய்தாள். தாத்தா கரி மூட்டை சுமந்துவிட்டு முகமெல்லாம் கறுப்பாக வரும்போது பாட்டியும் அப்படித்தான் செய்து வைத்திருந்தாள். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ஒருசந்தியை யாரும் சட்டை செய்வதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் வியாழன் என்றால் காடல்தான். ஆறு வருஷமாக நான்தான் செய்கிறேன். காலையில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை, அது முடிந்தால் தாத்தா.

ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை.

"ஏண்டி, இது என்ன, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"ஆமா. உனக்குன்னு எடுத்து வச்சேன்."

"உங்க பாட்டி மட்டும் இருந்திருந்தா உன்னை இந்த ஜன்னல் வழியா வீசியிருப்பா."

"உன்னைத்தான் வீசியிருப்பா. குடி, ஆறிடப்போகுது."

குடிப்பார். கடைசிச் சொட்டையும் ரொட்டியால் வழித்துத் தின்பார். பிறகு, "அடுத்த வாரமாவது மனுஷன் திங்கற மாதிரி செய்" என்பார். எங்கள் தெருவில் வேண்டியவர்களைப் பாராட்டுகிற வழக்கம் இல்லை. வசவு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நெருக்கம். நன்றி, சந்தோஷம், சிரமத்துக்கு மன்னிக்கணும் எல்லாம் டாக்டருக்கு, பங்குச் சாமியாருக்கு, ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸுக்கு. அந்த நர்ஸ் ஒருமுறை கொண்டுவந்த கேக்கைத் தாத்தா "அருமை, அருமை" என்று சொல்லித் தின்றுவிட்டு, அவள் படியிறங்கியதும் மீதியைப் பூனைக்குப் போட்டார். ஃபெர்கலுக்கு அவர் நன்றி சொன்னபோது எனக்கு ஏன் குஷி என்று இப்போது புரிந்திருக்கும். அவன் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு போனான். பத்து வருஷம் வெளியூரில் இருந்தால் இதெல்லாம் மறந்துபோகும் போல.

எங்களுக்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. போன வருஷத்திலிருந்து தாத்தாவுக்கு நாள் கிழமை மனதில் நிற்பதில்லை. ஆள் மறக்கவில்லை, பெயர் மறக்கவில்லை, அறுபது வருஷத்துக்கு முந்தைய பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயித்தது என்பதைக்கூடச் சொல்வார். கிழமை மட்டும் நழுவிவிடும். தினமும் காலையில் பேப்பரைத் தட்டிக்கொண்டு என்னைச் சோதிக்கிற மாதிரி கேட்பார்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு உனக்காவது தெரியுமாடி, மண்டு?"

"செவ்வாய், கிழட்டுக் கழுதை. உன்னை மாதிரியா நான்?"

கேட்டவருக்கும் மானம் போகாது, சொன்னவளுக்கும் கஷ்டமில்லை. மத்தியானத்துக்குள் மறுபடி மறந்துவிடுவார். இன்னொரு வசவோடு இன்னொரு தரம் சொல்லுவேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது நாற்காலி காலி. ஓடித் தேடினேன். கோவிலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் டையும் தொப்பியுமாக, ஒரு ஈ காக்கை இல்லாத கோவிலில் முன்வரிசை பெஞ்சில் பூசைக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "புதன்" என்றேன். மடியில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வரும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். கரி மூட்டை தூக்கிய கை, இன்னும் வலு இருக்கிறது.

"தெருவுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. கேக்குதா? இவங்க என்னைப் பாவம்னு பார்த்தாங்கன்னா நான் செத்த மாதிரிதான்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா. கையை விடு, உடைச்சிடாத."

அதுதான் எங்கள் ஒப்பந்தம். அவருடைய கிழமைகளை நான் வைத்திருந்தேன்.

பெரிய வெள்ளியும் வந்தது. காலையில் கிழமை சொன்னேன். பால் சேர்க்காத டீ, வெறும் ரொட்டி. மூன்று மணிக்குக் கோவிலில் சிலுவை முத்தம் செய்துவிட்டு வந்தார். வந்து ஒரு தூக்கம் போட்டார். ஐந்து மணிக்கு நான் எழுப்பி, சட்டை மாற்றி, கையைப் பிடித்து ஃபெர்கலின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தூக்கத்திலிருந்து எழுந்தால் அவருக்கு எல்லாம் கலைந்து போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது என் நினைவில் இல்லை. நினைவெல்லாம் ஃபெர்கலின் முகத்தில்தான் இருந்தது.

கடையில் தெருவே இருந்தது. எதிர்வீட்டுக் கன்செப்டா கிழவி, இறைச்சிக்கடைக்காரர், பந்தயக்கடையில் உட்காரும் கூட்டம், எல்லோரும். அவர்களுக்கு மீன் பொரித்துப் போட்டிருந்தான், அதற்கு மட்டும் யாரோ புத்தி சொல்லியிருக்க வேண்டும், ஆனால் தாத்தாவின் முதல் கிண்ணத்தை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. சுவரில் தாத்தாவின் பெரிய படம், கரி வண்டிப் பக்கத்தில், இருபத்தைந்து வயதில். படத்துக்குக் கீழே அவருக்குத் தனி மேஜை. ஃபெர்கல் தன் கையாலேயே கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான். செக்கச்செவேலென்று சாசேஜ், மேலே கேரட் வட்டம் வட்டமாக.

நான் பக்கத்தில் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதோ தள்ளப்போகிறார் என்று நின்றேன்.

தாத்தா ஸ்பூனை எடுத்தார். ஒரு சாசேஜை வெட்டி வாயில் போட்டு மென்றார்.

"ரொம்ப நல்லாயிருக்குப்பா. நன்றி" என்றார்.

கன்செப்டா கிழவிதான் முதலில் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "அடப்பாவி! பார்னி டூலன் பெரிய வெள்ளில கறி திங்கறான்! எம்பது வருஷம் கோவில் கோவில்னு போயிட்டு இப்ப நரகத்துக்கு டிக்கெட் எடுக்கறியா?"

தாத்தா நிமிர்ந்து பார்த்தார். "எந்த வெள்ளி? உனக்குத்தான் புத்தி போச்சு. இன்னிக்கு வியாழன். இல்லாட்டி இங்க காடல் எப்படி வரும்?"

கடையே சிரித்தது. கிழவன் எப்படி மடக்கினான் பார் என்று சிரித்தது. கன்செப்டாவும் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஜோக் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தாத்தாவும் கூடச் சிரித்தார், ஆனால் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காலையில் பேப்பரைத் தட்டும்போது பார்க்கிற பார்வைதான். நான் குனிந்து, "வெள்ளிதான் கிழட்டுக் கழுதை, போதும் வை" என்று காதில் சொல்லியிருந்தால் ஸ்பூனை வைத்திருப்பார். வீட்டுக்குப் போயிருப்போம்.

ஃபெர்கல் விடவில்லை. கிளாஸைத் தூக்கிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தான்.

"பார்த்தீங்களா? எம்பத்தெட்டு வயசுல எங்க தாத்தா எவ்வளவு நவீனம்! வெள்ளியாவது வியாழனாவது, நல்ல காடல்னா சாப்பிட வேண்டியதுதான்!" கூட்டம் கைதட்டியது. அவன் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். "ஜசிந்தா பயந்துட்டா. ஆறு வருஷமா அவ வெறும் தண்ணியைக் காட்டி அவரை ஏமாத்திட்டா, பாவம். இனிமே தினமும் இந்த மேஜைதான் தாத்தாவுக்கு. என்ன தாத்தா, வருவீங்கல்ல?"

"வர்றேன்ப்பா. நன்றி" என்றார் தாத்தா.

இரண்டு நன்றி. அப்போதே நான் ஜெயித்துவிட்டேன். நர்ஸின் கேக்குக்குச் சொன்ன அதே நன்றி. ஃபெர்கலைத் தவிர அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது விளங்கியிருக்கும். ஆனால் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஆறு வருஷம் குளிப்பாட்டியவள் நான், படுக்கை மாற்றியவள் நான், இவன் ஒரு கேரட்டை வெட்டிப் போட்டுவிட்டுக் கைதட்டு வாங்குகிறான். தாத்தா அவன் பக்கம் என்கிறான். கோபம் வந்தால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை, எப்போதுமே அப்படித்தான்.

"நவீனமும் இல்ல, மண்ணும் இல்ல!" என்று கத்தினேன். "உன் சாப்பாடு நல்லாயிருக்குன்னுதான் திங்கறார்னு நெனச்சியா? அவருக்கு இன்னிக்கு என்ன கிழமைன்னே தெரியாதுடா, மடையா! ஒரு வருஷமாத் தெரியாது! தினமும் காலையில நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். புதன்கிழமை கோட்டு போட்டுக்கிட்டு பூசைக்குப் போய் உக்காந்திருந்தவர் அவர். காடலைப் பார்த்தார், வியாழன்னு நெனச்சுட்டார், அவ்வளவுதான்! ஒரு நினைவு தப்பின கெழவனை உக்காரவச்சு நீ பரம்பரை கொண்டாடற!"

கைதட்டல் நின்றது. 

ஃபெர்கலின் முகம் நான் ஆசைப்பட்டது மாதிரியே வெளிறிப் போனது. நான் அதைப் பார்க்கவில்லை. தாத்தா ஸ்பூனைக் கிண்ணத்தின் பக்கத்தில் நேராக வைத்தார். நாப்கினால் வாயைத் துடைத்தார். எழுந்திருக்க முயன்றார். நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார். கன்செப்டா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரி உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"பார்னி! பரவால்ல பார்னி! இன்னிக்கு, வெள்ளிக்கிழமை! வீட்டுக்குப் போலாமா?"

ஐம்பது வருஷமாக அவரைத் திருடன், குடிகாரன், கரிமூஞ்சி என்று கூப்பிட்டவள் அவள்.

அந்த ஈஸ்டர் வாரம் முழுக்கத் தெரு எங்கள் வீட்டுக்கு வந்தது. இறைச்சிக்கடைக்காரர் நல்ல துண்டாகப் பார்த்துச் சும்மா கொடுத்தனுப்பினார். பந்தயக்கடைக் கூட்டம் வாசலில் நின்று, "எப்படி இருக்கீங்க மிஸ்டர் டூலன்?" என்று கேட்டது. மிஸ்டர் டூலனாம். கன்செப்டா பெரிய எழுத்தில் கிழமை போட்ட ஒரு கடிகாரம் வாங்கிவந்து அவர் நாற்காலிக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனாள். எல்லோருக்கும் தாத்தா நன்றி சொன்னார். ஃபெர்கல் மட்டும் வரவில்லை. மெனுவிலிருந்து காடலை எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

காலையில் பேப்பரைத் தட்டுவது நின்றுபோனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். நான்தான் வலியப் போய், "என்ன கிழமைன்னு தெரியுமா, கிழட்டுக் கழுதை?" என்று கேட்டேன். "திங்கள்" என்றார், அவ்வளவுதான்.

"தாத்தா, தப்புதான். என் வாய்தான். என்னைத் திட்டு. அடி, வேணும்னா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார்.

அம்மாவாம். ஏண்டி இல்லை, மண்டு இல்லை. அன்றைக்குப் பின்கட்டில் துணி காயப்போடப் போய் நின்று அழுதேன்.

வியாழன் வந்தது. காலையிலேயே பானையை வைத்தேன். சாசேஜ், பன்றித் துண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு, எல்லாம் வழக்கம்போல. பிறகு உப்பு ஜாடியை எடுத்தேன். பன்றித் துண்டிலேயே போதுமான உப்பு இருக்கிறது, காடலுக்குத் தனியாக உப்புப் போடுவதே கிடையாது. நான் ஒரு கை அள்ளிப் போட்டேன். நின்று யோசித்தேன். இன்னொரு கை போட்டேன். எந்த மனிதனாலும் ஒரு வாய்க்கு மேல் தாங்க முடியாது. துப்புவார். கிண்ணத்தைத் தூக்கி எறிவார். பாட்டியை இழுப்பார், ஜன்னலைச் சொல்வார், எனக்கு அது போதும்.

மேஜையில் வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன்.

முதல் வாய் எடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியது. திட்டு தாத்தா, திட்டு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அடுத்த வாயும் எடுத்தார். அதற்கு அடுத்ததும். நிதானமாக, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். நடுவில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தார். ரொட்டியைக் கிழித்துக் கிண்ணத்தை வழித்தார்.

என்னைக்கூட மறந்துவிட்டாரோ, யாரோ ஒரு வேலைக்காரி பரிமாறுவதாக நினைக்கிறாரோ என்று ஒரு நொடி தோன்றியது. அப்படியே இருக்கட்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாயிருந்தது ஜசிந்தா" என்றார். "நன்றி. உனக்குத்தான் சிரமம்."